கைதட்டல் ஓய்ந்த பிறகு வந்த கடிதங்கள்

விக்டோரியா கால மேடையில் ஒரு நடிகரின் திறமைக்கு நம்பகமான சாட்சி இன்னொரு நடிகர்தான். அந்தச் சாட்சி தபாலில் வந்தது. வராமல் போனபோது விளைவுகள் விபரீதமாகவும் இருந்தன.

1846 மார்ச். எடின்பரோ ராயல் தியேட்டரில் ஹாம்லெட் நாடகம். இங்கிலாந்தின் முன்னணி நடிகர் வில்லியம் சார்லஸ் மெக்ரெடி பைத்தியக்காரனாக நடிக்கும் ஹாம்லெட்டைக் காட்டுவதற்காகக் கைக்குட்டையைச் சுழற்றியபடி மேடையில் ஒரு துள்ளல் நடை நடந்தார். பார்வையாளர் பகுதியிலிருந்து நீளமாக ஒரு சீறல் கேட்டது. சீறியவர் குடித்துவிட்டு வந்தவர் அல்ல, யாரோ காசு கொடுத்து அனுப்பிய ஆளும் அல்ல. அவர் எட்வின் ஃபாரஸ்ட். அமெரிக்காவின் முன்னணி நடிகர்.

சில வாரங்களில் ஃபாரஸ்ட்டின் கடிதம் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளியானது. மன்னிப்புக் கேட்டு எழுதியதல்ல. சீறியது தான்தான் என்று அதில் அவர் ஒப்புக்கொண்டார். கைதட்ட உரிமை இருந்தால் சீறவும் உரிமை உண்டு என்பது அவரது வாதம். ஒரு நடிகர் இன்னொரு நடிகரைப் பற்றி ஊரறிய எழுதிய அந்தக் கடிதத்தின் கணக்கு மூன்றாண்டுகள் கழித்து நியூயார்க் வீதியில் தீர்ந்தது. செத்தவர்கள் குறைந்தது 22 பேர்.

விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தின் நாடக உலகைப் பற்றிப் பேசும்போது பெர்னார்ட் ஷாவும் நடிகை எல்லன் டெர்ரியும் எழுதிக்கொண்ட காதல் கலந்த கடிதங்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1931-ல் புத்தகமாக வந்த அவை பிரபலமானவை. ஆனால் ஷா நாடகாசிரியர், விமர்சகர். நடிகரும் நடிகரும் ஒருவரையொருவர் மெச்சி எழுதிக்கொண்ட கடிதங்கள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அந்தத் தொழிலின் உண்மையான வரலாறு ஒளிந்திருப்பது அவற்றில்தான்.

மறைந்துபோகும் கலை

அன்றைய நடிகரின் நிலையை இன்று கற்பனை செய்வது கடினம். சினிமா இல்லை. ஒலிப்பதிவும் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. 1890-ல் எட்வின் பூத் தன் மகளுக்காக மெழுகு உருளை ஒன்றில் ஒதெல்லோவின் வசனத்தைப் பேசிப் பதிவு செய்தார். இரைச்சலுக்கு நடுவே மங்கலாகக் கேட்கும் குரல்தான் மிச்சம். மற்றபடி, திரை விழுந்ததும் அன்றைய நடிப்பு முடிந்தது. ஓவியன் செத்தால் ஓவியம் இருக்கும், கவிஞன் செத்தால் கவிதை இருக்கும். நடிகனுக்கு எதுவும் இல்லை.

விமர்சகர்கள் எழுதினார்கள், உண்மைதான். ஆனால் ஒரு வரியை எங்கே நிறுத்தினார், எந்த இடத்தில் குரலை இறக்கினார், ஏன் அந்த நொடியில் முதுகைக் காட்டினார் என்பதெல்லாம் அதே பாத்திரத்தை ஏற்று நடித்துத் தோற்றவருக்கோ ஜெயித்தவருக்கோதான் புரியும். இன்னொரு நடிகரின் கடிதம் வெறும் முகஸ்துதியாகக் கருதப்படாததற்கு இதுதான் காரணம். அது தொழில்முறைச் சான்றிதழ்.

சான்றிதழ் அனுப்ப வசதியும் வந்து சேர்ந்தது. 1840-ல் ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தத்தால் அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதம் பிரிட்டனுக்குள் எங்கு போனாலும் ஒரு பென்னிதான் கட்டணம் என்றானது. அதற்கு முன் தூரத்துக்கு ஏற்றபடி கட்டணம். அதையும் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கொடுக்க வேண்டும். பாராட்டைக்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை! புதிய முறையில் லண்டனுக்குள் ஒரே நாளில் பலமுறை தபால் பட்டுவாடா ஆனது. முதல் நாள் இரவு பார்த்த நாடகத்தைப் பற்றிக் காலையில் எழுதிப் போட்டால், அன்று மாலை ஒப்பனை அறைக்குப் போவதற்குள் நடிகரின் கையில் கடிதம் இருக்கும்.

நட்பு சீறலான கதை

மெக்ரெடியும் ஃபாரஸ்டும் பிறவி விரோதிகள் அல்ல. 1836-ல் ஃபாரஸ்ட் முதன்முதலாக லண்டன் மேடை ஏறியபோது மெக்ரெடி அவரை மரியாதையோடு நடத்தினார். 1843-ல் மெக்ரெடி அமெரிக்கா போனபோது ஃபாரஸ்ட் வீட்டில் உபசரிப்பு. அந்தப் பயணத்தில் மெக்ரெடியோடு நடித்த அமெரிக்க நடிகை சார்லட் குஷ்மன், அவர் கொடுத்த ஊக்கத்தில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

1845-ல் லண்டனின் பிரின்சஸ் தியேட்டரில் குஷ்மனும் ஃபாரஸ்டும் சேர்ந்து நடித்தார்கள். குஷ்மனுக்குக் கைதட்டல். ஃபாரஸ்ட் மெக்பெத்தாக வந்தபோது சீறல். இதற்குப் பின்னால் மெக்ரெடியின் கை இருக்கிறது என்று ஃபாரஸ்ட் முடிவுகட்டினார். ஆதாரம் எதுவும் இல்லை. எடின்பரோ சீறல் அதற்குப் பதிலடி.

அதே 1845-ன் இறுதியில் குஷ்மன் ஆண் வேடமிட்டு ரோமியோவாக நடித்தார். ஜூலியட் அவரது சொந்தத் தங்கை சூசன். பெண் ரோமியோ என்றால் வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் வரும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். நாடகாசிரியரும் நடிகருமான ஷெரிடன் நோல்ஸ் அந்த நடிப்பைப் பார்த்துவிட்டு எழுதியது குஷ்மனின் புகழை நிலைநாட்டியது. ஒதெல்லோவின் மூன்றாம் அங்கத்தில் எட்மண்ட் கீன் காட்டிய வேகத்தோடு அவர் அதை ஒப்பிட்டார். 1833-ல் இறந்துபோன கீன் ஆங்கில மேடையின் பெரிய பெயர். அவரைக் கண்ணால் பார்த்த ஒரு நடிகர், ஓர் அமெரிக்கப் பெண்ணை அவருக்குச் சமமாக வைத்துவிட்டார். பத்து விமர்சனங்கள் செய்ய முடியாத வேலையை அந்தச் சில வரிகள் செய்தன.

ஒரே ஆண்டில், ஒரே நகரத்தில், இரண்டு அமெரிக்கர்கள். சக கலைஞரின் மெச்சுதல் கிடைத்தவர் வளர்ந்தார். கிடைக்காதவர் வன்மம் வளர்த்தார்.

47 பேர் போட்ட கையெழுத்து

மெக்ரெடிக்குக் கடிதங்களால் பஞ்சமே இல்லை. அவரது மிகப் பெரிய ரசிகர் சார்லஸ் டிக்கன்ஸ். இளமையில் தொழில்முறை நடிகராக முயன்று, பிறகு அமெச்சூர் மேடையில் ஆசை தீர நடித்தவர். நிக்கலஸ் நிக்கிள்பி நாவலை மெக்ரெடிக்குச் சமர்ப்பித்தார். மகளுக்கு கேட் மெக்ரெடி என்று பெயர் வைத்தார். 1843-ல் மெக்ரெடி அமெரிக்கா கிளம்பியபோது டிக்கன்ஸ் லிவர்பூல் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகவில்லை. அமெரிக்காவைக் கிண்டல் செய்து எழுதிய தன்னோடு சேர்த்துப் பார்த்தால் நண்பருக்கு அங்கே தொல்லை வருமே என்ற கவலை. பாராட்டுகிறவர் எப்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1849-ல் நியூயார்க் பிரமுகர்களுக்கு அது தெரியவில்லை. அந்த மே மாதம் 7-ஆம் தேதி ஆஸ்டர் பிளேஸ் ஆப்பரா ஹவுஸில் மெக்ரெடி மெக்பெத்தாக மேடை ஏறினார். அதே இரவு நகரின் இன்னொரு தியேட்டரில் ஃபாரஸ்டும் மெக்பெத். ஃபாரஸ்டின் ஆதரவாளர்கள் ஆப்பரா ஹவுஸுக்குள் புகுந்து அழுகிய முட்டையும் உருளைக்கிழங்கும் எறிந்தார்கள். கடைசியில் நாற்காலிகளும் பறந்தன. மெக்ரெடி நாடகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இங்கிலாந்து திரும்ப முடிவு செய்தார்.

அப்போது வந்தது ஒரு கடிதம். எழுத்தாளர்கள் வாஷிங்டன் இர்விங், ஹெர்மன் மெல்வில் உட்பட நகரின் 47 பிரமுகர்கள் கையெழுத்திட்டது. போக வேண்டாம், மறுபடியும் நடியுங்கள், ஒழுங்கு காக்கப்படும் என்று உறுதி சொன்னது. மெக்ரெடி சம்மதித்தார்.

மே 10 இரவு தியேட்டருக்கு வெளியே பல்லாயிரம் பேர் திரண்டார்கள். கல்வீச்சு. ஆங்கில நடிகர் என்பது சாக்கு. பணக்காரர்களின் ஆப்பரா ஹவுஸ் மீது ஏழைகளுக்கு இருந்த கோபமும், குடியேறிகளின் ஆங்கிலேய வெறுப்பும் அதில் கலந்திருந்தன. ராணுவம் வந்தது, சுட்டது. குறைந்தது 22 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். உள்ளே மெக்பெத்தைக் கடைசிவரை நடித்து முடித்த மெக்ரெடி மாறுவேடத்தில் வெளியேறி, பாஸ்டன் வழியாக நாடு திரும்பினார்.

47 பேரும் நல்லெண்ணத்தில்தான் எழுதினார்கள். ஆனால் எழுதியவர்களில் சக நடிகர் என்று சொல்லத்தக்க பெரிய பெயர் இல்லை. கையெழுத்துப் போட்டிருக்க வேண்டிய ஒரே நடிகர் ஃபாரஸ்ட். அவர் பேனாவைத் தொட்டிருந்தால் அன்றிரவு வேறுமாதிரி முடிந்திருக்கலாம்.

1851 பிப்ரவரி 26-ல் ட்ரூரி லேன் தியேட்டரில் மெக்பெத்தாகவே நடித்து மெக்ரெடி மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் அச்சான நாட்குறிப்புகளில் சக நடிகர்கள் மீதான எரிச்சலும் பொறாமையும், அப்படிப் பொறாமைப்படும் தன் மீதே வெறுப்பும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகின்றன. தன் தொழிலையே அவர் முழுதாக மதிக்கவில்லை.

ஃபாரஸ்டின் பெயரைத் தாங்கியவர்

விதியின் விளையாட்டு முப்பதாண்டு கழித்து அதே பெயரோடு வந்தது. அமெரிக்க நடிகர் ஜூனியஸ் புரூட்டஸ் பூத் 1833-ல் பிறந்த மகனுக்குத் தன் நண்பர் எட்வின் ஃபாரஸ்டின் நினைவாக எட்வின் என்று பெயரிட்டிருந்தார். எட்வின் பூத் வளர்ந்து அமெரிக்காவின் தலைசிறந்த ஹாம்லெட் ஆனார். 1865-ல் அவரது தம்பி ஜான் வில்க்ஸ் பூத் அதிபர் லிங்கனைச் சுட்டுக் கொன்றபோது அண்ணனின் வாழ்க்கையும் இருண்டது. மேடையை விட்டே விலகியவர் 1866 ஜனவரியில்தான் திரும்பினார்.

1880 நவம்பரில் எட்வின் பூத் லண்டன் வந்து பிரின்சஸ் தியேட்டரில் நடித்தார். 35 ஆண்டுகளுக்கு முன் ஃபாரஸ்ட் நடித்த பிரின்சஸ், அப்போதுதான் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. வரவேற்பு மந்தம். கூட இருந்த மனைவிக்குக் கடும் நோய், மனநிலையும் பாதிக்கப்பட்டிருந்தது. லண்டனில் மேடையின் ராஜா லைசியம் தியேட்டரின் ஹென்றி இர்விங். ஃபாரஸ்ட் செய்ததைப்போல, தனக்கு வரவேற்பு குறைந்ததற்கு இர்விங்தான் காரணம் என்று பூத் நினைத்திருக்க வாய்ப்பு இருந்தது. அப்படிச் சொல்லித் தூண்டிவிடவும் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

பூத் அதைச் செய்யவில்லை. லைசியத்தில் சில பகல் காட்சிகள் நடத்த இடம் தர முடியுமா என்று இர்விங்கிடம் கேட்டார். பகல் காட்சி எதற்கு, இருவரும் சேர்ந்தே இரவில் நடிப்போம் என்றார் இர்விங். 1881 மே 2-ல் ஒதெல்லோ தொடங்கியது. பூத் ஒதெல்லோ, இர்விங் இயாகோ. அடுத்த வாரம் இருவரும் பாத்திரங்களை மாற்றிக்கொண்டார்கள். டெஸ்டிமோனா எப்போதும் எல்லன் டெர்ரி. அரை கினி விலையுள்ள முன்வரிசை இருக்கை ஒரு கினியானது. அப்படியும் இடமில்லை.

இது இர்விங்குக்கும் ஆபத்தான விளையாட்டு. ஒரே மேடையில், ஒரே பாத்திரத்தில், வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இர்விங்கின் இயாகோ அபாரம், ஒதெல்லோ எடுபடவில்லை என்பதே பொதுக் கருத்து. கடைசிக் காட்சி முடிந்ததும் ஒதெல்லோவின் உடைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துவிட்டு, இனி இந்த வேடமே வேண்டாம் என்று இர்விங் நிம்மதிப் பெருமூச்சு விட்டதை எல்லன் டெர்ரி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சொன்னபடியே இர்விங் மறுபடி ஒதெல்லோவாக நடிக்கவில்லை. வீட்டுக்கு அழைத்த விருந்தாளிக்காகத் தன் பலவீனத்தை ஊருக்குக் காட்டியவர் அவர்.

எல்லனின் நினைவில் நின்ற இன்னொரு விஷயம் சிறியது. ஒதெல்லோவுக்கான கரிய முகப்பூச்சு டெஸ்டிமோனாவின் கைகளில் ஒட்டிவிடும். உங்கள் மீது கறை படாது என்று பூத் முன்கூட்டியே சொல்லி, அவர் கையைத் தொடும்போதெல்லாம் அங்கியின் முனையை நடுவில் வைத்துக்கொண்டார். இர்விங் ஒதெல்லோவாக வந்த நாட்களில் டெஸ்டிமோனாவும் கிட்டத்தட்டக் கறுத்துப்போனார்.

பூத் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் இர்விங் இனிமையானவர், உதவ ஓடிவருபவர், பிறர் யோசனைக்கு விட்டுக்கொடுப்பவர். ஊருக்காக எழுதிய உபசார வார்த்தைகள் அல்ல. பூத் இறந்த மறு ஆண்டு, 1894-ல், அவரது மகள் தொகுத்த நூலில்தான் இந்தக் கடிதங்கள் அச்சேறின. முதுகுக்குப் பின்னால் சொன்ன பாராட்டு. ஃபாரஸ்ட் டைம்ஸுக்கு எழுதியதையும் பூத் நண்பர்களுக்கு எழுதியதையும் அருகருகே வைத்தால் முப்பதாண்டுகளில் அந்தத் தொழில் எவ்வளவு முதிர்ந்தது என்பது புரியும்.

லண்டனிலிருந்து திரும்பிய சில மாதங்களில், 1881 நவம்பரில், பூத்தின் மனைவி இறந்தார். 1888-ல் அவர் நியூயார்க்கில் தன் வீட்டையே தி பிளேயர்ஸ் என்ற கிளப்பாக்கினார். நடிகர்கள் எழுத்தாளர்களோடும் மற்ற கனவான்களோடும் சமமாக உட்கார ஓர் இடம். 1893-ல் அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

ஒரு தொழிலே எழுதிய கடிதம்

எலிசபெத் காலச் சட்டத்தில் பிரபுக்களின் ஆதரவு இல்லாத நடிகர்கள் நாடோடிகளோடும் பிச்சைக்காரர்களோடும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். விக்டோரியா காலத்தில் சட்டம் மாறியிருந்தாலும் அந்த நாற்றம் முழுவதும் போகவில்லை. 1895-ல் இர்விங்குக்கு சர் பட்டம் கிடைத்தது. நடிகர் ஒருவருக்கு அது கிடைப்பது அதுவே முதல் முறை.

பட்டம் கொடுத்தது மகாராணி. ஆனால் இர்விங்குக்கு வந்த இன்னொரு மரியாதை லைசியம் மேடையிலேயே நடந்தது. நாட்டின் நடிக நடிகையர் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்ட வாழ்த்துமடலை மூத்த நடிகர் ஸ்குவையர் பேங்க்ராஃப்ட் வாசித்தளித்தார். அதை வைக்கும் பேழையை வடிவமைத்தவரும் ஒரு நடிகரே. ஓவியப் பயிற்சி பெற்ற ஜான்ஸ்டன் ஃபோர்ப்ஸ்-ராபர்ட்சன். போட்டியாளர், துணை நடிகர், ஊர் ஊராகச் சுற்றும் சிறு கம்பெனிக்காரர் எல்லோரும் ஒரே தாளில். எடின்பரோவில் கேட்ட சீறலுக்கு ஒரு தொழிலே சேர்ந்து எழுதிய பதில் என்று இதைச் சொல்லலாம்.

இரண்டு ராணிகளுக்கு நடுவே

பெண்களின் கதையில் போட்டி இன்னும் கூர்மையானது. 1895 ஜூனில் பிரான்சின் சாரா பெர்ன்ஹார்ட், இத்தாலியின் எலியனோரா டூஸே இருவரும் ஒரே சமயத்தில் லண்டனில் ஒரே பாத்திரத்தை நடித்தார்கள். ஜெர்மன் நாடகாசிரியர் சூடர்மானின் மாக்டா. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஷா டூஸே பக்கம் நின்று சாராவைக் கிழித்தெடுத்தார். ரசிகர்கள் கட்சி கட்டினார்கள்.

இருவருக்கும் தோழியாக இருந்தவர் எல்லன் டெர்ரி. 1878 டிசம்பரில் லைசியத்தில் ஒஃபீலியாவாகச் சேர்ந்து 24 ஆண்டுகள் இர்விங்கின் ஜோடியாக நடித்தவர். அவருக்கு சாராவும் வேண்டும், டூஸேயும் வேண்டும். தன் சுயசரிதையில் இருவரைப் பற்றியும் மனம் திறந்து எழுதினார். யார் பெரியவர் என்ற கேள்வியை நடிகை என்ற முறையில் அவர் கேட்கவே இல்லை. ஒவ்வொருவரிடமும் எது தன்னால் முடியாதது என்பதைத்தான் பார்த்தார்.

1906 ஜூன் 12-ல் ட்ரூரி லேனில் எல்லனின் ஐம்பதாண்டு மேடை வாழ்க்கைக்கு விழா. அவருக்கு ஒன்பது வயதில் தொடங்கிய வாழ்க்கை அது. இர்விங் எட்டு மாதம் முன்புதான், 1905 அக்டோபரில், பிராட்ஃபோர்டில் நடித்து முடித்த இரவே இறந்திருந்தார். அவர் இல்லாத குறை விழா முழுக்க இருந்தது. டூஸே இத்தாலியிலிருந்து வந்தார். நடிக்க அல்ல, மேடையில் எல்லன் பக்கத்தில் நிற்க. அதைவிடப் பெரிய கடிதம் எழுத முடியாது.

முதுமையில் எல்லன் ஷேக்ஸ்பியரைப் பற்றிச் சொற்பொழிவாற்றி ஊர் சுற்றினார். அவற்றில் ஒன்றின் தலைப்பு, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் கடிதங்கள். வாழ்நாளெல்லாம் மேடையில் கடிதம் படித்தவருக்கு, ஒரு தாள் கதையைத் திருப்பும் என்பது நன்றாகத் தெரியும்.

கென்ட் கிராமப்புறத்தில் ஸ்மால்ஹைத் என்ற இடத்தில் அவர் வாழ்ந்த பழைய மர வீடு இன்று அருங்காட்சியகம். 1928-ல் அங்கேதான் இறந்தார். மகள் எடித் கிரெய்க் வீட்டை அப்படியே பாதுகாத்து 1939-ல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார். லேடி மெக்பெத்தாக எல்லன் அணிந்த, வண்டுச் சிறகுகள் மின்னும் பச்சை உடை அங்கே இருக்கிறது. சாரா பெர்ன்ஹார்ட் எழுதி அனுப்பிய செய்தியும் இருக்கிறது.

கைமாறிய வாள்

தாளில் எழுதாத பாராட்டு ஒன்றும் உண்டு. எட்மண்ட் கீன் மூன்றாம் ரிச்சர்டாக நடித்தபோது ஏந்திய வாள், கீனோடு நடித்திருந்த கிழ நடிகர் சிப்பெண்டேலிடம் இருந்தது. 1877-ல் இர்விங் அதே வேடம் ஏற்றபோது அவர் அதை இர்விங்குக்குக் கொடுத்தார். பின்னாளில் அது டெர்ரி குடும்பத்தின் வசம் வந்தது. 1938-ல் கேட் டெர்ரி கீல்குட் தன் மகன் ஜான் கீல்குட்டுக்குக் கொடுத்தார். ஜான், எல்லனின் அக்கா கேட்டின் பேரன்.

1944-ல் லாரன்ஸ் ஆலிவியர் மூன்றாம் ரிச்சர்டாக நடித்து லண்டனை அதிர வைத்தார். அவரும் கீல்குட்டும் அந்தத் தலைமுறையின் பெரும் போட்டியாளர்கள். கீல்குட் அந்த வாளில் தாய் தனக்குத் தந்ததைக் குறிப்பிட்டு, அந்த நடிப்பைப் பாராட்டி நண்பனுக்குக் கொடுப்பதாகப் பொறித்து ஆலிவியரிடம் ஒப்படைத்தார்.

1989-ல் இறக்கும்வரை ஆலிவியர் அந்த வாளை வேறு எந்த நடிகருக்கும் கொடுக்கவில்லை. பாராட்டு வாங்குவது எளிது. அதை அடுத்தவருக்குக் கொடுக்கத்தான் பெரிய மனது வேண்டும். 1846-ல் எடின்பரோவில் ஒருவருக்கு அந்த மனது இல்லை. 1881-ல் லண்டனில் இரண்டு பேருக்கு இருந்தது.